விலங்கு மணிக்கட்டில், விரலில் இல்லை!

1944 டிசம்பர். பெர்லின் நகரத்து டேகல் சிறை. ஒரு சின்ன அறைக்குள் 37 வயது மனிதர் ஒருவர் காகிதத்தின் மேல் குனிந்திருக்கிறார். இரண்டு கைகளையும் சேர்த்து விலங்கு மாட்டியிருக்கிறார்கள். எழுதும் கை ஒரு சொல் நகர்ந்தால், எழுதாத கையும் கூடவே இழுபட்டுப் போக வேண்டும். வரி முடிந்து அடுத்த வரிக்குத் திரும்பும்போதும் அதே இழுபறி.

இது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமா? ஒரு துண்டை எடு. வீட்டில் யாரையாவது கூப்பிட்டு உன் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து இறுக்கிக் கட்டச் சொல். பேனாவைப் பிடி. பக்கம் பக்கமாக வேண்டாம். உன் பெயரையும் ஊரையும் மட்டும் எழுது. தோள்பட்டை இழுக்கிறதா? எழுத்து கோணிக்கொண்டு ஓடுகிறதா? அந்தக் கோணலோடுதான் அந்த மனிதர் நாள் நாளாக எழுதினார். எதைப் பற்றி? வழக்கைப் பற்றி என்று நினைப்பாய். திருவருகைக் காலத்தைப் பற்றி! கிறிஸ்து பிறப்புக்கு முந்தின அந்த நாலு ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி!

அவர் பெயர் ஆல்ஃபிரட் டெல்ப். இயேசு சபைக் குரு. ஹிட்லரின் ஆட்சி விழுந்த பிறகு ஜெர்மனியை எப்படி நியாயமாக நடத்துவது என்று கூடிப் பேசிய சிலரோடு அவரும் உட்கார்ந்து பேசினார். அதுதான் குற்றம். ஜூலை 28 அன்று மியூனிக்கில் பிடித்துக்கொண்டு போனார்கள். சபையை விட்டு விலகினால் விடுதலை என்று ஆசை காட்டினார்கள். அவர் மசியவில்லை. டிசம்பர் 8 அன்று, பார்க்க வந்த சக குரு ஒருவரின் முன்னிலையில், சிறைக்குள்ளேயே தம் இறுதி வாக்குறுதியைக் கொடுத்தார். சாகும்வரை இந்தச் சபையில்தான் இருப்பேன் என்ற வாக்குறுதி அது. எழுதிய துண்டுக் காகிதங்கள் சலவைக்குப் போகும் துணிகளுக்குள் ஒளிந்து வெளியே போயின. திருவருகை என்பது தாலாட்டுப் பாடித் தூங்கவைக்கும் காலம் இல்லை, மனிதனைப் பிடித்து உலுக்கி எழுப்புகிற காலம் என்பதே அந்தக் காகிதங்களின் சாரம்.

விலங்கு மணிக்கட்டில் இருந்தது. விரலில் இல்லை. விரல் ஐந்தும் சும்மாதானே இருக்கின்றன என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது.

உனக்குத் தெரிந்திருக்கிறதா?

உன் மணிக்கட்டில் என்ன மாட்டியிருக்கிறது, சொல். தவணை கட்டாத கடனா? மூன்றாவது தடவையும் கைவிட்டுப் போன தேர்வா? கவரைப் பிரிக்கப் பயந்து பீரோவில் வைத்திருக்கும் ஸ்கேன் ரிப்போர்ட்டா? ஏழு வருஷமாகப் பேசாத அண்ணனா? எதுவாகவும் இருக்கட்டும். அது கனம்தான். கனமில்லை என்று சொல்ல நான் யார்? ஆனால் ஒன்று கேட்கிறேன். விலங்கையே பார்த்துக்கொண்டு இருக்கிறாயே, கடைசியாக விரலைப் பார்த்தது எப்போது?

"மனசுக்கு நிம்மதியே இல்லை" என்று டிசம்பரில் நம்மிடம் சொல்லாத ஆள் உண்டா? பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுக்க வேண்டும், கேக்குக்குச் சீட்டுப் பணம் கட்ட வேண்டும், அரையாண்டுப் பரீட்சை வேறு. கடன் அடைந்ததும் நிம்மதி வரும், மகள் கல்யாணம் முடிந்ததும் வரும், வீடு கட்டி முடித்ததும் வரும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே போகிறோம். நிம்மதி என்ன நிலுவைச் சம்பளமா, எல்லாம் முடிந்ததும் மொத்தமாகக் கைக்கு வர?

இங்கே ஒன்றைப் பட்டென்று உடைத்துவிடுகிறேன். தன்னம்பிக்கைக் கட்டுரை எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒன்று சொல்வார்கள்: "எல்லாம் உன் கையில்." நானும் எழுதியிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. எல்லாம் உன் கையில் இல்லை. மழை உன் கையில் இல்லை. மருத்துவரின் ரிப்போர்ட் உன் கையில் இல்லை. மேலதிகாரியின் மனசு உன் கையில் இல்லவே இல்லை. எல்லாம் தன் கையில் என்று நம்புகிறவன்தான் ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறான்.

டெல்ப் வந்து சேர்வதற்கு ஒரு வருஷம் முன்பு, அதே டேகல் சிறையில் இன்னொருவர் இருந்தார். டீட்ரிச் போன்ஹோஃபர், லுத்தரன் போதகர். 1943 நவம்பரில் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், சிறை அறைக்கும் திருவருகைக் காலத்துக்கும் உள்ள ஒற்றுமையைச் சொன்னார். உள்ளே இருப்பவன் காத்திருக்கிறான், நம்பிக்கொண்டிருக்கிறான், இதையும் அதையும் செய்துகொண்டிருக்கிறான். ஆனால் கதவு வெளியிலிருந்துதான் திறக்க முடியும் என்பது அவர் சொன்னதன் கருத்து.

யோசித்துப் பார். கதவு வெளியிலிருந்து திறக்கும். அப்படியானால் கதவை முட்டி முட்டி நெற்றியை உடைத்துக்கொள்வது உன் வேலை இல்லை! திறப்பது வருகிறவரின் வேலை. அவர் வரும்போது விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும். அதற்குத் திரி திரிக்கவும் எண்ணெய் ஊற்றவும் உனக்கு விரல்கள் இருக்கின்றன. எது யாருடைய வேலை என்று பிரிந்துவிட்டது. பாதிச் சுமை அப்போதே இறங்கிவிட்டது. கிறிஸ்தவ விசுவாசம் தருகிற அமைதி இந்தப் பாகப்பிரிவினையில்தான் தொடங்குகிறது.

'அட்வென்ட்' என்ற சொல்லுக்கு லத்தீனில் வருகை என்று பொருள். நம்மவர்கள் அழகாகத் திருவருகை என்றார்கள். நவம்பர் 30, புனித அந்திரேயா திருநாள். அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறு எதுவோ அன்று காலம் தொடங்கும். பீடத்தில் ஊதா நிறம். வானவர் கீதம் பாடுவது கிடையாது, கிறிஸ்து பிறப்பு இரவுக்காக அதைச் சேமித்து வைக்கிறார்கள். மகிழ்ச்சிப் பாட்டை வாய்வரை கொண்டுவந்து நிறுத்திவைக்கும் காலம் என்று எனக்குத் தோன்றும்.

திருவருகை மெழுகுவர்த்தி வளையத்தின் கதை தெரியுமா? ஹாம்பர்க் நகரில் யோகான் ஹின்ரிக் விக்கர்ன் என்ற போதகர், கதியற்ற ஏழைப் பிள்ளைகளுக்காக 1833இல் ஒரு இல்லம் தொடங்கினார். டிசம்பர் பிறந்துவிட்டால் பயல்கள் விடமாட்டார்கள். "கிறிஸ்துமஸ் எப்போ? இன்னும் எத்தனை நாள்?" நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்பார்களே, அதே நச்சரிப்புதான். 1839இல் மனிதர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்தார். ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி, வார நாட்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுவர்த்தி. ஒரு நாளைக்கு ஒன்று ஏற்று, எண்ணிக்கொள் என்றார். இன்று கோவில்களில் நாலு மெழுகுவர்த்தியோடு வைக்கிறோமே, அதன் பிறப்பு அந்த வண்டிச் சக்கரம்தான். அங்கே ஊசியிலைக் கிளை சுற்றுவார்கள், நமக்குச் சவுக்குக் கிளையே போதும்.

பொறுமை இல்லாத பிள்ளைகளிடம் "பொறுமையாக இரு" என்று அவர் பிரசங்கம் செய்யவில்லை. கையில் தீக்குச்சியைக் கொடுத்தார்! இன்றைக்கு ஒன்று ஏற்று. நாளைய மெழுகுவர்த்தி நாளைக்கு. உன் கவலைகளை நீ என்ன செய்கிறாய்? இருபத்திநாலு நாள் மெழுகுவர்த்தியையும் முதல் நாளே கொளுத்திவிட்டு, வெக்கை தாங்கவில்லை என்று அலறுகிறாய்.

வளையத்தின் இரண்டாவது மெழுகுவர்த்தியை அமைதிக்கு என்று சொல்வது பல இடங்களில் வழக்கம். ஊரில் 'சமாதானம்' என்றால் என்ன அர்த்தம்? சண்டை போட்ட இரண்டு பேரை உட்காரவைத்து, "சரி விடுங்கப்பா, போனது போகட்டும்" என்று முடித்துவைப்பது. அழுகிற குழந்தையை மிட்டாய் கொடுத்து அடக்குவதும் சமாதானம்தான். வேதத்தின் எபிரேயச் சொல்லான 'ஷாலோம்' இதைவிட ஆழமானது. குறையில்லாமல், உடையாமல், முழுசாக இருப்பது என்ற பொருள் அதன் வேரிலேயே இருக்கிறது. வாயை மூடவைப்பது அமைதி ஆகாது. உடைந்ததைச் சேர்ப்பதுதான் அமைதி.

இதை எனக்குப் புரியவைத்தது புத்தகம் இல்லை. குமரிக் கடற்கரை.

2017 நவம்பர் 30. ஒக்கி புயல் குமரி முனையை உரசிக்கொண்டு போனது. எச்சரிக்கை கரைக்கு வந்து சேர்ந்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி ஊர்களின் ஆட்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். சுறா வேட்டைக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்பாத கூட்டம் அது. மூன்றாம் நாள், டிசம்பர் 3, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அதே நாள்தான் சவேரியார் திருநாளும். கோட்டாறு பேராலயத் திருவிழாவுக்காக மாவட்டத்துக்கே விடுமுறை விடுகிற நாள். தேரும் கடையும் பலூனுமாக இருக்க வேண்டிய நேரத்தில், மரங்கள் சாய்ந்து, மின்சாரம் இல்லாமல், கடற்கரையில் பெண்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

காத்திருப்பது என்றால் என்னவென்று அவர்களிடம் கேட்க வேண்டும். நாம் ஊதா மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுக் காத்திருக்கிறோம் என்கிறோமே, அது காத்திருப்பா? பேர் சொல்லிக் காத்திருப்பது இருக்கிறது. முகம் தெரிந்து காத்திருப்பது. ஒரு விசைப்படகின் ஒலி கேட்டால் மார்பு அடைத்துக்கொள்வது.

அவர்கள் அழுதுகொண்டு மட்டும் இருந்தார்களா? டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கில் கிளம்பி, குழித்துறை ரயில் நிலையத்துக்குப் போய், தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். காணாமல் போனவர்களைத் தேடு என்றார்கள். ரயில் நின்றது. திருவருகையின் முதல் வாரம் அது! "விசுவாசிகள் அமைதியாக செபிக்க வேண்டாமா?" என்று அன்றைக்கு என்னிடம் ஒருவர் கேட்டார். எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. அமைதி என்றால் வாய்பேசாமல் கிடப்பது என்று யார் உமக்குச் சொல்லிக்கொடுத்தது? காணாமல் போன மகனின் பெயரை உரக்கச் சொல்வதும் செபம்தானய்யா!

சிலர் வந்தார்கள். லட்சத்தீவிலும் குஜராத், மகாராஷ்டிரத் துறைமுகங்களிலும் கரையேறி உயிரோடு வந்தார்கள். பலர் வரவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அந்தக் கரையில் கொண்டாட்டம் இல்லை. ஆனால் திருப்பலி இருந்தது. விளக்கு அணைந்த வீட்டுக்காரர்களும் வந்து முழங்கால் போட்டார்கள். எந்தப் பலத்தில் வந்தார்கள்? அதை விளக்க எனக்குத் தெம்பு இல்லை. விளக்கிவிட முடியும் என்று மேடையேறுகிறவர்களைக் கண்டால் தள்ளிப் போய்விடுவேன்.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1944இலும் திருவருகை டிசம்பர் 3இல்தான் தொடங்கியது, 2017இலும் அப்படியே. கிறிஸ்துமஸ் திங்கட்கிழமை வந்தால் காலம் 22 நாளாகச் சுருங்கிவிடும். அதைவிடக் குறைந்த திருவருகை கிடையாது. டெல்புக்குக் கிடைத்ததும் தூத்தூர்க்காரர்களுக்குக் கிடைத்ததும் அதே குட்டையான 22 நாள். உனக்கு இந்த வருஷம் எத்தனை நாளோ, அவர்களைவிடக் குறையாது.

பவுலடிகளை எடுத்துக்கொள். (எங்கள் பாட்டிக்கு அவர் கடைசிவரை சின்னப்பர்தான்.) பிலிப்பி ஊர்க்காரர்களுக்கு அவர் எழுதிய கடிதத்தில்தான், மனித அறிவுக்கு எட்டாத அமைதி ஒன்று உங்கள் உள்ளத்தைக் காக்கும் என்கிறார். எங்கே இருந்து எழுதினார்? சிறையிலிருந்து! அதிலும் காக்கும் என்பதற்கு அவர் போட்ட கிரேக்கச் சொல் ராணுவத்துச் சொல். கோட்டையில் காவல்படை நிறுத்துவதற்குச் சொல்வது. பிலிப்பி, ஓய்வுபெற்ற ரோமப் படைவீரர்கள் குடியேற்றப்பட்ட ஊர். படித்ததும் அவர்களுக்குச் சுருக்கென்று பிடிபட்டிருக்கும். காவலாளி வாசலில் நிற்கும் அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, "என் காவலாளி வேறு" என்று எழுதுகிறார் அந்த மனிதர். என்ன திமிர் பார்! இந்தத் திமிர் உனக்கு வேண்டும். அமைதியை மல்லிகைப்பூ மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறாய், வெயில் பட்டால் வாடிவிடும் என்று. அது ராத்திரி முழுக்கக் கண் அசராமல் பாரா நிற்கிற சிப்பாய்.

சரி, நான் என்ன செய்ய வேண்டும் என்கிறாயா? இதே கேள்வியை யோர்தான் ஆற்றங்கரையில் யோவானிடம் கூட்டம் கேட்டது. திருவருகைக் காலத்தில் வாசிக்கும் பகுதிதான். வனாந்தரத்துத் துறவி, வெட்டுக்கிளி தின்கிறவர், பெரிய தத்துவமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவர் என்ன சொன்னார்? இரண்டு அங்கி வைத்திருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடு. வரி வசூலிக்கிறவனா? விதித்ததற்கு மேல் வாங்காதே. படைவீரனா? யாரையும் மிரட்டிப் பறிக்காதே, சம்பளத்தோடு நிறுத்திக்கொள். அவ்வளவுதான். அவனவன் மேசைக்கு, அவனவன் வேலைக்கு அளந்து கொடுத்த பதில். நீ எந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறாய்? எந்த இழுப்பறையைத் திறந்தால் உன் தூக்கம் கெடுகிறது? அங்கே போ. லஞ்சமாக வாங்கிய கவரைத் திருப்பிக் கொடு. அந்த அண்ணனுக்குப் போன் போடு. எடுக்கவில்லையா? நாளைக்கும் போடு. பீரோவில் இருக்கிற ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போ. மனசு மாசக்கணக்கில் இருட்டிக் கிடந்தால் அதற்கும் மருத்துவரிடம் போ. செபிக்கிறவன் மாத்திரை சாப்பிடக் கூடாது என்று எந்த நற்செய்தியிலும் எழுதவில்லை.

மரியாவைப் பார். வானதூதர் சொல்லிவிட்டுப் போனதும் அந்தப் பெண் மூலையில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டாளா? கல்யாணம் முடியாத பெண். ஊர் என்ன சொல்லும் என்பது நமக்கே தெரியும். எழுந்தாள். மலைநாட்டுக்கு விரைந்து நடந்தாள். வயதான காலத்தில் கருவுற்றிருந்த உறவுக்காரி எலிசபெத்தோடு மூன்று மாதம் இருந்தாள். வயிற்றில் உலகத்தின் அமைதியைச் சுமந்தவள் அந்த அமைதியோடு செய்த முதல் காரியம் இன்னொருத்தி வீட்டுக்குப் போனது!

ஒன்றை மறைத்துவிட்டால் நான் பொய்யன் ஆவேன். டேகல் சிறையில் இருந்த அந்த இரண்டு பேருக்கும், அவர்கள் குடும்பங்கள் கும்பிட்டுக் கேட்ட கதவு திறக்கவில்லை. டெல்பை 1945 பிப்ரவரி 2 அன்று பெர்லினில் தூக்கிலிட்டார்கள். கோவில்களில் மெழுகுவர்த்தி மந்திரிக்கும் திருநாள் அது. போன்ஹோஃபரை ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பர்க் முகாமில். ஒரு மாதத்தில் போரே முடிந்துவிட்டது. இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்கும்: "அப்படியானால் விசுவாசத்தால் என்ன பயன்?" ஹிட்லரின் நீதிமன்றத்தில் தீர்ப்பு எழுதிய கைகள் விலங்கில்லாத கைகள்தான். அவை எழுதியதை இன்று யார் தேடிப் போய்ப் படிக்கிறார்கள்? கட்டிய கை கோணல்மாணலாக எழுதியதைத்தான் எண்பது வருஷம் கழித்தும் ஒவ்வொரு டிசம்பரிலும் எடுத்து வைத்துக்கொண்டு படிக்கிறார்கள்.

எங்கள் வீட்டுக் கதை ஒன்று. அப்பாவுக்கு வேலை போன வருஷம். நட்சத்திரம் வாங்கவில்லை. முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுக்கிற மணம் பக்கத்து வீட்டிலிருந்துதான் வந்தது. குடில் கிடையாது என்று நாங்களாகவே முடிவு செய்திருந்தோம். இரண்டாம் ஞாயிறு பூசை முடிந்து வந்த அம்மா, ஒன்றும் பேசாமல் ஒரு கைப்பிடி கேழ்வரகை எடுத்து ஊறப் போட்டாள். மறுநாள் ஓட்டை விழுந்த பழைய அலுமினியத் தட்டில் மண் பரப்பி, கேழ்வரகைத் தூவி, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடினாள். குடிலில் மாடு மேய்வதற்குப் புல் வேண்டுமல்லவா? அதற்கு.

எனக்கு எட்டு வயது. மணிக்கொரு தரம் சாக்கைத் தூக்கிப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. மண்ணும் இருட்டும்தான். மூன்றாம் தடவை கையில் அகப்பைக் காம்பால் ஒன்று விழுந்தது. "தெறந்து தெறந்து பாத்தா மொளைக்காதுலே. தண்ணி தெளிக்கது நம்ம வேல. போய்ப் படி."

அந்தத் தடவை முளைக்கவும் இல்லை. விதை பழசு. அம்மா தட்டைக் கொட்டி, கடையில் கடன் சொல்லிக் கால் கிலோ புதுக் கேழ்வரகு வாங்கி, திரும்பவும் ஊறப் போட்டாள். அன்றைக்குத் தேதி பதினாறு. "இனி எங்கே வளரும்?" என்று அப்பா கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தாள். இருபத்திநாலாம் தேதி ராத்திரி, அட்டைப்பெட்டிக் குடிலுக்கு முன்னால், ஒரு விரல் உயரம்கூட இல்லாத இளம்பச்சையில் மண் மாடு ஒன்று கழுத்தை நீட்டி நின்றது. அப்பா குனிந்து அந்தப் புல்லை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். அவருக்கு வேலை கிடைத்தது அதற்கு அடுத்த ஆடியில்.

இன்றைக்கு என்ன தேதி? தட்டு ஓட்டையாக இருந்தாலும் பரவாயில்லை. எழுந்து போய்க் கேழ்வரகை ஊறப் போடு.